அமெரிக்க ஆட்சியமைப்பும் வாக்குரிமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

     

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்கென ஓயாது உழைத்துவரும் இச்சங்கத்தின் வெள்ளி விழாவில், அமெரிக்க நாட்டின் ஆட்சியமைப்பைப் பற்றிப் பேசுமாறு நாம் பணிக்கப்பட்டுள்ளோம். கடல்கள் பல கடந்து இருக்கும் ஒரு நாட்டின் அவைகளையும் நீதிமன்றங்களையும் பற்றி நாம் ஏன் அறிய வேண்டும் என்று இளைஞர் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் இயல்பானதே. ஆனால், நமக்கு வழிகாட்டிய பெருமக்கள் அந்நாட்டை உற்று நோக்கியே வந்திருக்கின்றனர்.

மகாத்மா ஜோதிராவ் புலே 1873-இல் மராத்தி மொழியில் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவுச் சட்டத்தை முன்வைத்துப் பேசியபோது, அமெரிக்க ஆட்சிமுறையையும் நாம் தேர்ந்துகொண்ட முறையையும் ஒப்பிட்டு அவர் விளக்கினார். நிலைத்த தன்மை, பொறுப்புடைமை ஆகிய இரண்டையும் ஒரே அளவில் தரவல்ல ஆட்சிமுறை ஏதும் இல்லை என்றும், அமெரிக்க முறை முன்னதையே மிகுதியாகத் தருகிறது என்றும், நம் வரைவு பின்னதற்கே முதன்மை தந்துள்ளது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். ஆகவே அண்ணல் ஆராய்ந்த ஒரு பொருளையே இன்று நாமும் சிறிது ஆராய்கிறோம் எனக் கொள்ளலாம்.

அதிகாரம் மூன்றாகப் பிரிந்த முறை

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் 1787-இல் பிலடெல்பியா நகரில் வரையப்பெற்று, 1789-இல் நடைமுறைக்கு வந்தது. அதனை வரைந்தோர் இங்கிலாந்து மன்னரின் ஆட்சியை உதறி விடுதலை பெற்று நெடுங்காலம் ஆகாதவர்கள். ஆகவே, அதிகாரம் முழுவதும் ஓரிடத்தில் குவியக் கூடாது என்பதில் அவர்கள் மிகுந்த விழிப்புடன் இருந்தனர். சட்டம் இயற்றுவது காங்கிரஸ். நிறைவேற்றுவது குடியரசுத் தலைவர். அதற்குப் பொருள் கூறுவது நீதிமன்றம் என ஆட்சிப் பணியை மூன்றாகப் பிரித்தனர்.

காங்கிரஸ் என்றவுடன் நம் நாட்டுக் கட்சி ஒன்று நினைவுக்கு வரும். அங்கே அது பாராளுமன்றத்தின் பெயர். அதற்கு இரண்டு அவைகள் உண்டு. பிரதிநிதிகள் அவையில் 435 உறுப்பினர்கள்; பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள்; மக்கள்தொகைக்கேற்ப மாநிலங்களுக்கு இடங்கள் பகிரப்படுகின்றன. செனட் அவையில் 100 உறுப்பினர்கள். மாநிலம் பெரிதாயினும் சிறிதாயினும் ஒவ்வொன்றுக்கும் இருவர். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கலிபோர்னியாவில் ஏறத்தாழ 3 கோடியே 95 லட்சம் மக்கள். வயோமிங் மாநிலத்தில் 6 லட்சத்திற்கும் குறைவு. செனட்டிலோ இரு மாநிலங்களுக்கும் இடங்கள் சமமே.

நம் நாட்டில் மக்களவையின் நம்பிக்கையை இழந்த பிரதமர் பதவி விலக வேண்டும். அங்கே குடியரசுத் தலைவர் காங்கிரசின் ஆதரவை இழப்பினும் நான்காண்டுக் காலம் பதவியில் நீடிக்கலாம். குற்றம் சாட்டி, விசாரித்து, செனட்டின் மூன்றில் இரு பங்கினர் தீர்ப்பளித்தாலன்றி அவரை நீக்க இயலாது. அவருடைய அமைச்சர்கள் காங்கிரசின் உறுப்பினர்களாக இருத்தல் கூடாது. காங்கிரஸ் நிறைவேற்றும் சட்டத்தை அவர் மறுத்துத் திருப்பலாம். இரு அவைகளும் மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையால் அம்மறுப்பை வெல்லலாம். உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். செனட்டின் இசைவு வேண்டும். நியமனம் பெற்றவர் வாழ்நாள் முழுவதும் பதவி வகிக்கலாம். இவ்வாறு ஒவ்வொரு பிரிவும் மற்றொன்றைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் பெற்றுள்ளது.

குடியரசுத் தலைவரின் தேர்தல் முறையும் தனித்தன்மை வாய்ந்தது. நாடு முழுவதும் பெற்ற வாக்குகளைக் கூட்டி வெற்றியைக் கணிப்பதில்லை. மாநிலவாரியாக மொத்தம் 538 தேர்வாளர்கள் உள்ளனர். 270 பேரைப் பெறுபவரே வெற்றியாளர். பெரும்பாலான மாநிலங்களில், முதலிடம் பெறுபவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் உரியர். 2000-ஆம் ஆண்டுத் தேர்தலில் அல் கோர் நாடு முழுவதும் 5 லட்சத்திற்கும் மிகுதியான வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தும், புளோரிடா மாநிலத்தில் 537 வாக்குகளில் பின்தங்கியதால் ஜார்ஜ் புஷ் பதவியேற்றார். தம் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்போர் இவ்வெண்ணை மனத்திற் கொள்வது நன்று.

பதிவாளரின் மேசை

இதுவரை கூறியவை எந்தப் பாடநூலிலும் காணக் கிடைப்பவை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இத்துணை நுட்பமான அமைப்பிற்குள் ஓர் எளிய குடிமகன் எவ்வழியே நுழைகிறான்? அவ்வழி தலைநகராகிய வாஷிங்டனில் இல்லை. நம் நாட்டில் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பில் வாக்காளர் பட்டியல் தயாரிக்கப்படுகிறது. ஊழியர் வீடு தேடி வருகின்றனர். அமெரிக்காவில் தேர்தலை நடத்துவோர் மாநிலத்தவரும், 'கவுண்டி' எனப்படும் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவினருமே ஆவர். ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும், வாக்களிக்க விரும்புவோர் தம் பெயரைத் தாமே முன்கூட்டிப் பதிந்துகொள்ள வேண்டும் என்பதே நெடுநாளைய வழக்கம். ஆகவே பதிவாளர் என்னும் சிறு அலுவலர் மனம் வைத்தாலன்றி ஒருவன் குடியரசுத் தலைவரையோ, காங்கிரஸ் உறுப்பினரையோ, தன் ஊர்ப் பள்ளிக் குழுவின் உறுப்பினரையோ தேர்ந்தெடுக்க இயலாதிருந்தது. கறுப்பின மக்களின் நூறாண்டுப் போராட்டம் பெரிதும் இந்த மேசையைச் சுற்றியே நிகழ்ந்தது.

அதன் தொடக்கத்தைச் சுருக்கமாகக் காண்போம். அரசியலமைப்புச் சட்டம் மக்களின் பெயராலேயே தொடங்குகிறது. எனினும் 1790-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டின் 39 லட்சம் மக்களுள் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். பிரதிநிதிகள் அவைக்கு இடங்களைக் கணக்கிடும்போது ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகக் கொள்க என்று அச்சட்டம் விதித்தது. அந்தப் பங்கும் அடிமைக்குப் பயன்படவில்லை. அடிமைகளை வைத்திருந்த மாநிலங்களுக்குக் கூடுதல் இடங்களைப் பெற்றுத் தரவே உதவிற்று.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின் மூன்று திருத்தங்கள் வந்தன. 1865-இல் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-இல் 14-ஆவது திருத்தம் குடியுரிமையையும், சட்டத்தின் முன் சமமான பாதுகாப்பையும் வழங்கியது. 1870-இல் 15-ஆவது திருத்தம், இனத்தையோ நிறத்தையோ முன்னாள் அடிமை நிலையையோ காரணமாகக் காட்டி வாக்குரிமையை மறுத்தல் கூடாது என்றது. அவ்வாண்டே மிசிசிப்பி மாநிலத்தின் ஹைரம் ரெவல்ஸ் செனட்டில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவரானார்.

ஆனால் 1877-இல் மத்திய அரசின் படைகள் தென்மாநிலங்களைக் காப்பதைக் கைவிட்டபின் நிலைமை தலைகீழாயிற்று. 15-ஆவது திருத்தத்தை எவரும் நீக்கவில்லை. அதனைச் சுற்றிச் செல்லும் வழிகளைக் கண்டனர். வாக்களிக்க வரி கட்ட வேண்டும் என்றனர். அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துப் பதிவாளர் மனம் நிறையுமாறு விளக்க வேண்டும் என்றனர். போருக்கு முன் பாட்டனார் வாக்காளராக இருந்திருப்பின் பேரனுக்குத் தேர்விலிருந்து விலக்கு என்றனர். அடிமையின் பேரனுக்கு அத்தகைய பாட்டனார் ஏது? லூயிசியானா மாநிலத்தில் 1896-இல் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள் இருந்தனர். 1904-இல் எஞ்சியவர் 1,342 பேர். 1901 முதல் 1929 வரை காங்கிரசில் ஒரு கறுப்பின உறுப்பினரும் இல்லை.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அடிமைக் காலத்தில் பல தென்மாநிலங்களில் அடிமைக்கு எழுத்தறிவிப்பது குற்றமாக இருந்தது. விடுதலைக்குப் பின்னரும் நல்ல பள்ளிகள் மறுக்கப்பட்டன. அவ்வாறு கல்வியை மறுத்தவர்களே, கல்வியில்லை என்று கூறி வாக்கையும் மறுத்தனர். வாக்கில்லாததால் பள்ளிக் குழுவில் இடமில்லை. பள்ளிக் குழுவில் இடமில்லாததால் நல்ல பள்ளி இல்லை. இவ்வட்டத்தின் கொடுமையை இவ்வவையினருக்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை.

மூன்று வாயில்கள்

அதிகாரம் பிரிந்திருப்பதால் எளியோர்க்கு இடையூறும் உண்டு, வாய்ப்பும் உண்டு. வாக்கில்லாதவர் சொல் சட்டமன்றத்தில் ஏறாது. ஆகவே 1909-இல் தோன்றிய கறுப்பின மக்களின் தேசிய முன்னேற்றச் சங்கம் நீதிமன்றத்தின் வாயிலைத் தட்டியது. பாட்டனார் விதி 1915-இல் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. கட்சியின் முதனிலைத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற டெக்சாஸ் மாநில வழக்கம் 1944-இல் வீழ்ந்தது. 1954 மே 17 அன்று, பள்ளிகளில் இனத்தால் பிரித்து வைத்தல் சமத்துவம் ஆகாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். இவ்வழக்குகளை நடத்தியவர்களுள் ஒருவரான துர்குட் மார்ஷல் 1967-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

ஆனால் நீதிமன்றத்திற்குத் தீர்ப்புத்தான் உண்டு, படை இல்லை. 1957-இல் லிட்டில் ராக் நகரின் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவ மாணவியர் நுழைவதற்குக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் இராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. காங்கிரசோ அதனினும் மெல்ல அசைந்தது. செனட்டில் ஒரு மசோதாவை விரும்பாதவர்கள் முடிவின்றிப் பேசிக்கொண்டே இருந்து வாக்கெடுப்பைத் தடுக்க முடியும். 1964-இல் குடியுரிமைச் சமத்துவ மசோதா வந்தபோது தென்மாநில உறுப்பினர்கள் வாரக் கணக்கில் அவ்வாறு பேசினர். ஜூன் 10 அன்று 71-க்கு 29 என்ற வாக்குகளால் பேச்சு நிறுத்தப்பட்டு, ஜூலை 2 அன்று அது சட்டமாயிற்று. ஆகவே மூன்று வாயில்களையும் தட்ட வேண்டியிருந்தது. ஒன்று திறந்தவுடன் மற்றவை தாமே திறந்துவிடவில்லை.

வாக்குரிமையைக் கற்பித்த பள்ளிகள்

பெரும் தீர்ப்புகளையும் சட்டங்களையும் வரலாறு எழுதி வைக்கிறது. அவற்றுக்கு அடித்தளமிட்ட சிறு பள்ளிகளை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

தென் கரோலினா மாநிலத்தில் ஜான்ஸ் தீவு என்றொரு சிற்றூர்ப் பகுதி உண்டு. அங்கு வாழ்ந்த ஈசா ஜென்கின்ஸ் என்பவர், சார்ல்ஸ்டன் நகருக்கு வேலைக்குச் செல்லும் தம் மக்களைப் பேருந்தில் ஏற்றிச் செல்பவர். பதிவுத் தேர்வுக்குரிய அரசியலமைப்புப் பகுதிகளை ஓடும் பேருந்திலேயே பயணிகளுக்குக் கற்பித்தார். இம்முயற்சிக்குத் துணை நின்றவர் செப்டிமா கிளார்க் என்னும் ஆசிரியை. ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பணிபுரிந்த அவர், முன்னேற்றச் சங்கத்தின் உறுப்பினர் பதவியைத் துறக்க மறுத்ததால் 1956-இல் வேலையிழந்தவர். இவர்கள் முயற்சியால் 1957 ஜனவரியில் ஜான்ஸ் தீவில் முதல் 'குடிமைப் பள்ளி' தொடங்கிற்று. முன்புறம் கூட்டுறவுக் கடை. பின்புற அறையில் இரவு வகுப்பு. வெள்ளையர் கண்ணில் படாதிருக்கவே இந்த ஏற்பாடு.

கற்பித்தவர் பெர்னிஸ் ராபின்சன். அவர் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்லர். தலைமுடி ஒப்பனையும் தையலும் தெரிந்தவர். முதியோர் கூச்சமின்றி அமர்ந்து கற்க, அவர்களுள் ஒருவராகப் பழகுபவரே தகுந்தவர் எனக் கருதியே அவரைத் தேர்ந்தனர். என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று அவர் முதலில் கேட்டார். பெயரை எழுத வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், விவிலியம் படிக்க வேண்டும் என்றனர். அவற்றோடு பதிவுப் படிவத்தை நிரப்பும் முறையும் மாநில அரசியலமைப்பின் பகுதிகளும் கற்பிக்கப்பட்டன. எந்த அலுவலகம் எந்தப் பணியைச் செய்கிறது, குறையை யாரிடம் முறையிடுவது என்பனவும் பாடமாயின. 1961-க்குப் பின் மார்ட்டின் லூதர் கிங் தலைமையேற்ற இயக்கம் இப்பள்ளிகளைத் தென்மாநிலங்கள் எங்கும் பரப்பிற்று. செப்டிமா கிளார்க் 1970-களில் சார்ல்ஸ்டன் பள்ளிக் குழுவுக்கே உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மிசிசிப்பியில் பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழைத்த ஃபேனி லூ ஹேமர், கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம் என்பதையே தமது நாற்பத்து நான்காம் வயதில்தான் கேள்விப்பட்டார். 1962 ஆகஸ்ட் 31 அன்று பதினெழுவருடன் இண்டியனோலா நகருக்குச் சென்று விண்ணப்பித்தார். மாநிலச் சட்டத்தின் நுணுக்கமான ஒரு பிரிவை விளக்கச் சொல்லி அவரைத் தவற வைத்தனர். அன்றே, பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் மீண்டும் மீண்டும் சென்று 1963 ஜனவரியில் தேர்ச்சி பெற்றார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் வினோனா என்னுமிடத்துச் சிறையில் கொடிய அடிபட்டார். 1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டுக் குழுவின் முன் அமர்ந்து, தமக்கு நேர்ந்தவற்றை நாடு கேட்கச் சாட்சியமாகக் கூறினார்.

அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் நடந்ததை ஆசிரியர் என்னும் முறையில் நாம் தனியே குறிப்பிட விரும்புகிறோம். செல்மா அடங்கிய டல்லஸ் கவுண்டியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் சுமார் 15,000 பேர். பதிவு பெற்றவரோ 300-ஐச் சற்றே தாண்டினர். பதிவு அலுவலகம் மாதத்திற்கு இரண்டு நாட்களே திறந்திருக்கும். 1965 ஜனவரி 22 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்கள் அணிவகுத்து நீதிமன்றக் கட்டடத்திற்குச் சென்றனர். அவர்கள் வேலை வெள்ளையரின் பள்ளிக் குழு கையில் இருந்தது. சிறைக்குச் செல்ல நேரும் என்று பல்துலக்கும் பிரஷ்களை உடன் கொண்டு சென்றனர். படிக்கட்டிலிருந்து காவலர் அவர்களைத் தள்ளினர், மீண்டும் ஏறினர். தம் ஆசிரியர்களே முன்வந்ததைக் கண்ட மாணவர்கள் பெருந்திரளாகப் போராட்டத்தில் இறங்கினர்.

மார்ச் 7 அன்று எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் அமைதியாக நடந்தோர் மீது தடியடி நிகழ்ந்தது; நாடே தொலைக்காட்சியில் அதனைக் கண்டது. ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்டார். எழுத்தறிவுத் தேர்வுகள் நிறுத்தப்பட்டன. தேவையான இடங்களுக்கு மத்திய அரசின் பதிவு அலுவலர்கள் சென்றனர். பழைய குற்றம் கொண்ட பகுதிகள் தேர்தல் விதிகளை மாற்ற முன் அனுமதி பெற வேண்டும் என்றாயிற்று. மிசிசிப்பியில் 6.7 விழுக்காடாக இருந்த கறுப்பினப் பதிவு 1967-இல் 59.8 விழுக்காடாக உயர்ந்தது. செல்மாவில் கொடுமை புரிந்த ஷெரீப் ஜிம் கிளார்க், 1966-ஆம் ஆண்டுத் தேர்தலில் புதிய வாக்காளர்களால் பதவியிழந்தார்.

பெற்றதைக் காத்தல்

வாக்கைப் பெற்றபின்னும் அதன் பயனைக் குறைக்க வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்று எல்லையை மாற்றுதல். டஸ்கிகி நகரில் கற்றறிந்த கறுப்பினத்தவர் பலர் வாக்காளராயினர். 1957-இல் அலபாமா சட்டமன்றம், சதுரமாக இருந்த அந்நகரின் எல்லையை 28 பக்கங்கள் கொண்ட வினோத வடிவமாக்கிற்று. நகருக்குள் இருந்த 400 கறுப்பின வாக்காளர்களில் நால்வரோ ஐவரோ தவிர அனைவரும் ஒரே நாளில் நகருக்கு வெளியே ஆயினர். டஸ்கிகி கல்விக் கழகத்தின் பேராசிரியர் சார்ல்ஸ் கோமில்லியன் வழக்குத் தொடுத்தார். 1960-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நில வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர் இருந்ததால் அச்சூழ்ச்சி வெளிப்பட்டது.

வென்ற சட்டமும் என்றும் முழுமையாக நிலைக்கும் எனக் கருதுதல் ஆகாது. 2013 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற தீர்ப்பால், முன் அனுமதி பெற வேண்டிய பகுதிகளை வரையறுத்த பிரிவைச் செல்லாதென அறிவித்தது. அதனால் முன் அனுமதி முறையே செயலற்றுப் போயிற்று. 2008-இல் பராக் ஒபாமா குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்தே ஆண்டுகளில் இது நேர்ந்தது. உச்சியில் ஒருவர் அமர்வதால் அடித்தளம் தானாகக் காக்கப்படுவதில்லை என்பதே இதன் பாடம்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியா வந்தார். அப்போது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் தம் மாணவர்களுக்கு அவரை, அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் ஒருவர் என்று அறிமுகம் செய்தாராம். முதலில் அதிர்ச்சியுற்றதாகவும், பின்னர் அது உண்மையே என உணர்ந்ததாகவும் கிங் அவர்களே 1965-இல் ஒரு சொற்பொழிவில் கூறியுள்ளார். அவர்களும் நாமும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டியவை உள்ளன.

அண்ணலின் உழைப்பால் நமக்கு வயது வந்தோர் வாக்குரிமை தேர்வுகள் ஏதுமின்றிக் கிட்டியது; 1989 முதல் பதினெட்டு வயதிலேயே கிட்டுகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஒரு நூற்றாண்டு போராடிப் பெற்றதை, ஒரு படிவம் நிரப்பி நாம் பெறுகிறோம். எளிதில் கிடைத்ததாலேயே அதனை அலட்சியமாகக் கருதிவிடக் கூடாது. பட்டம் பெற்ற நம் பிள்ளைகளுள், தம் பெயர் வாக்காளர் பட்டியலில் உள்ளதா என்று பார்த்தவர் எத்தனை பேர்? கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து வரவு செலவுக் கணக்கைக் கேட்டவர் எத்தனை பேர்? வட்டாட்சியர் எதற்கு, ஊராட்சி ஒன்றியம் எதற்கு, எந்த மனுவை எந்த மேசையில் கொடுப்பது என்று ஊர்ப் பெரியவர்களுக்கு எடுத்துரைத்தவர் எத்தனை பேர்?

இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகளைத் தேர்வுகளில் வெற்றி பெறச் செய்திருக்கிறது. அப்பணி தொடரட்டும். அதனுடன் வாரத்தில் ஓர் இரவு, ஜான்ஸ் தீவில் நடந்ததைப் போன்றதொரு வகுப்பை நம் சங்கக் கட்டடத்தில் தொடங்குமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். படித்த இளைஞர்கள் ஆசிரியராகட்டும். தாய்மார்களும் பெரியோர்களும் மாணவராகட்டும். படிவங்களும், வாக்காளர் பட்டியலும், ஊராட்சியின் வரவு செலவும், நம் அரசியலமைப்புச் சட்டமுமே பாடநூல்களாகட்டும். முதல் மாதத்தின் வகுப்புகளை ஏற்று நடத்த நாம் அணியமாக இருக்கிறோம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.